ஊசியில் இரண்டு க்ளிக்

என் கணவரைப் போலப் பயந்த மனிதரை நான் பார்த்ததில்லை. இதை அவர் முகத்துக்கு நேராகவே பலமுறை சொல்லியிருக்கிறேன். கோபித்துக்கொள்ள மாட்டார். ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டு, பூட்டிய கதவை இன்னொரு முறை இழுத்துப் பார்ப்பார்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். அடுக்குமாடிக் குடியிருப்புகள், இரண்டு மருத்துவமனைகள், ஒரு பழைய ஹோட்டல் என்று முப்பத்தெட்டு லிஃப்ட்டுகள் அவர் பொறுப்பில் இருக்கின்றன. மொட்டைமாடியில் இருக்கும் மோட்டார் அறைக்குப் போய், கண்ணை மூடி, இரண்டு நிமிஷம் சத்தத்தைக் கேட்பார். பேரிங் தேயப் போகிறது என்றால் அது தேய்வதற்கு ஆறு மாதம் முன்பே சொல்லிவிடுவார். ஆனால் வேலை முடிந்து இறங்கும்போது, பதினொரு மாடியானாலும் படிதான். கல்யாணமான புதிதில் இதை நான் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன். அவர் பார்த்துக்கொள்ளும் லிஃப்ட்டில் அவரே ஏறுவதில்லை என்று நான் ஊரெல்லாம் பரப்பியது மேலதிகாரி காதுவரை போய், அவர் கூப்பிட்டு விசாரிக்கும்படி ஆனது. படி ஏறினால் உடம்புக்கு நல்லது என்று சொல்லி இவர் சமாளித்துவிட்டு வந்தார்.

நான் கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கிறேன். வருகிறவர்களை உட்கார வைத்து, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா, இதுவா என்று நாள் முழுக்கக் கேட்பதுதான் என் பிழைப்பு. கொஞ்சம் கூட்டு, கொஞ்சம் குறை. அந்தப் பழக்கம்தான் என்னை இந்தக் கதியில் கொண்டுவந்து விட்டது.

ஞாயிற்றுக்கிழமையானால் இருவரும் மைதானத்துக்குப் போவோம். தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பின்னால், வேலி போட்ட ஒரு புல்வெளி அது. பத்துப் பன்னிரண்டு பேர் அங்கே மாதிரி விமானம் விடுகிறோம். உடனே ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிழலில் நாற்காலி போட்டு உட்காருவதை நினைக்க வேண்டாம். எங்களுடையதில் ரேடியோவே கிடையாது. விமானத்தின் இறக்கையிலிருந்து இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகள் கிளம்பி, இருபது மீட்டர் தள்ளி ஒரு கைப்பிடியில் வந்து முடியும். கைப்பிடியைப் பிடித்தவர் வட்டத்தின் நடுவில் நிற்க வேண்டும். விமானம் அவரைச் சுற்றிச் சுற்றிப் பறக்கும். கைப்பிடியை ஒரு பக்கம் சாய்த்தால் மூக்கைத் தூக்கும், மறுபக்கம் சாய்த்தால் இறங்கும். அதை வைத்தே வட்டம், சதுரம், தலைகீழ்ச் சுற்று எல்லாம் போட வேண்டும். கடைசியில் ஒரு எட்டு போட வேண்டும், அதுவும் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே.

எல்லாம் கம்பியின் இழுப்பில்தான் இருக்கிறது. விமானம் வேகமாகச் சுற்றிக் கம்பியை விறைப்பாக வைத்திருக்கும்வரைதான் அது கைப்பிடியின் பேச்சைக் கேட்கும். தலைக்கு மேலே இருக்கும் நேரத்தில் எஞ்சின் நின்றுவிட்டாலோ சோர்ந்துவிட்டாலோ கம்பி தொய்ந்துவிடும். அதன் பிறகு ஒன்றரைக் கிலோ எடை, உலோக எஞ்சின் முன்னால் இருக்க, சுழலும் விசிறியோடு நேரே கீழே வரும். கீழே நிற்பது நான்.

விமானம் விடுவது நான், எஞ்சின் அவர். முன்பு அவருடைய அண்ணன் விட்டுக்கொண்டிருந்தார். அண்ணனுக்கு முழங்கால் வலி வந்ததும் கைப்பிடி என் கைக்கு வந்தது. என் கணவர் ஒரே ஒரு முறை பிடித்துப் பார்த்திருக்கிறார். இரண்டாவது சுற்றிலேயே கண்ணை இறுக மூடிக்கொண்டுவிட்டார். எனக்கோ தலையும் சுற்றவில்லை, பயமும் வரவில்லை. பயப்படுவதற்குத்தான் பக்கத்தில் ஓர் ஆள் இருக்கிறாரே என்ற தெம்பு. பதினான்கு வருஷமாக அந்தத் தெம்பில்தான் நடுவட்டத்தில் நின்றேன்.

மைதானத்தில் அவருக்குக் 'காது' என்று பெயர். யாருடைய எஞ்சினில் என்ன கோளாறு என்றாலும் காது வந்தாச்சா என்றுதான் கேட்பார்கள். எங்களோடு விமானம் விடும் பேக்கரிக்காரர் ஒருமுறை புது எஞ்சினோடு மூன்று வாரம் மல்லுக்கட்டினார். இவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுவிட்டு, டேங்க்கை ஒரு தீப்பெட்டி அட்டை கனத்துக்கு உயர்த்தச் சொன்னார். நேராகப் பறக்கும்போது ஒரு சத்தம், தலைகீழாகப் பறக்கும்போது ஒரு சத்தம் வருகிறது, டேங்க் தாழ்ந்து இருக்கிறது என்று விளக்கம். அட்டையை வைத்ததும் இரண்டு சத்தமும் ஒன்றாகிவிட்டது. பேக்கரிக்காரர் வாயைப் பிளந்தார்.

எஞ்சினின் கழுத்தில் ஓர் ஊசி வால்வு உண்டு. ஊசியைத் திருகினால் உள்ளே போகிற எண்ணெய் குறையும், தளர்த்தினால் கூடும். ஒவ்வொரு சின்னத் திருப்பத்துக்கும் ஸ்பிரிங்கில் க்ளிக் என்று ஒரு சத்தம் வரும். எண்ணெய் கூடினால் ரிச், குறைந்தால் லீன். மட்டமாகப் பறக்கும்போது கொஞ்சம் ரிச்சாக, தொண்டை கட்டியவர் பேசுகிற மாதிரிக் கரகரவென்று ஓட வேண்டும். மூக்கைத் தூக்கி ஏறும்போது சத்தம் தானாகத் தெளிந்து முழு பலமும் வர வேண்டும். இறங்கியதும் மறுபடி கரகரப்பு. இந்த மாற்றத்தைச் சரியான இடத்தில் வரவழைக்கத்தான் இத்தனை பாடும். ரொம்ப ரிச்சாக இருந்தால் மேலே போய்ச் சோரும். ரொம்ப லீனாக இருந்தால் சூடேறி நடு ஆகாயத்தில் நின்றுவிடும்.

அவருக்கு இரண்டு சட்டங்கள். முதல் சட்டம்: எஞ்சினை ஓட்டிப் பார்த்து ஊசியை வைத்து, நிறுத்தி, டேங்க்கை நிரப்பிய பிறகு யாரும் ஊசியைத் தொடக்கூடாது. நிறைந்த டேங்க்கில் எஞ்சின் பொய் சொல்லும் என்பார். இரண்டாவது: கம்பிதான் முதல். டேங்க்கை நிரப்பியதும் விமானத்தை என்னிடம் விட்டுவிட்டு வட்டத்தின் நடுவுக்குப் போவார். கைப்பிடியில் தொடங்கி, இரண்டு கம்பிகளையும் விரலிடுக்கில் உருவிக்கொண்டே வருவார். ஒரு மடிப்பு தட்டினாலும் கம்பியையே மாற்றிவிடுவார். விமானம் இறங்கிய பிறகும் அப்படித்தான். எல்லோரும் எஞ்சினிடம் ஓடுவார்கள், இவர் கம்பியிடம் போவார். நான் துணியை எடுத்துக்கொண்டு விமானத்திடம் போய், எரிபொருளோடு கலந்து வெளியே தெறித்த விளக்கெண்ணெய்ப் பிசுக்கைத் துடைப்பேன். ஒரு கம்பி அறுந்தால்கூட அது யார் பேச்சையும் கேட்காது, உன்மேல் பாயும் என்று சொல்வார்.

வசந்தகாலப் போட்டிக்குப் பிறகுதான் எனக்கு அந்த நினைப்பு வந்தது. அன்று நல்ல காற்று. தலைக்கு மேல் எட்டு போடும்போது கம்பி கொஞ்சம் மென்மையாக இருந்ததுபோல எனக்குப் பட்டது. இன்னும் கொஞ்சம் லீனாக வைக்கச் சொல்லிக் கேட்டேன். ஒரு க்ளிக் திருகினார், கேட்டார், முகம் வெளுத்தது, திரும்ப எடுத்துவிட்டார். லீனாக வைத்து மேலே நின்றுபோனால் உன் தலையில்தான் விழும் என்று அதோடு பேச்சை முடித்துவிட்டார். எனக்கு எரிச்சலான எரிச்சல். இந்த மனிதர் எஞ்சினை வைத்துத் தீர்மானிக்கவில்லை, பயத்தை வைத்துத் தீர்மானிக்கிறார் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் டேங்க்கை நிரப்பிவிட்டு அவர் கம்பி பார்க்கப் போனார். முதுகு என் பக்கம். நான் ஊசியை இரண்டு க்ளிக் திருகினேன்.

என்ன சுகமாகப் பறந்தது தெரியுமா. கம்பி விண்ணென்று நின்றது. பேக்கரிக்காரர் ஓரத்திலிருந்து கைதட்டினார். இறங்கியதும் என் கணவர் கம்பியிடம் போக, நான் துணியோடு விமானத்திடம் போனேன். துடைக்கிற சாக்கில் துணிக்குள்ளேயே விரலை விட்டு, அந்த இரண்டு க்ளிக்கையும் பழைய இடத்துக்கே கொண்டுவந்து வைத்தேன். அவர் மனம் நோகக்கூடாது என்று எனக்கு நானே காரணமும் சொல்லிக்கொண்டேன்.

கம்பியைச் சுருட்டிக்கொண்டு வந்தவர், ஏறும்போது சத்தம் வேறு மாதிரி இருந்ததே, கவனித்தாயா என்று கேட்டார். இல்லையே என்றேன். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னேன்.

அடுத்த வாரமும் கேட்டார். அதற்கடுத்த வாரம் நிழலில் உட்கார்ந்து, ஊசியை முழுக்க மூடிக்கொண்டே க்ளிக்குகளை எண்ணினார். நாற்பத்தாறு. பறப்பதற்கு முன் அவர் வைத்ததும் நாற்பத்தாறுதான். ஊசி நகரவில்லை, ஆனால் ஆகாயத்தில் எஞ்சின் தானாக லீனாகிறது. அப்படியானால் எங்கேயோ காற்று புகுகிறது. எஞ்சின் தெரிந்த யாரும் அதைத்தான் சொல்வார்கள். காற்றுக் கசிவு ஒரு நாள் சின்னதாக இருக்கும், இன்னொரு நாள் பெரிதாகும், எப்போது என்று சொல்ல முடியாது.

அன்றிலிருந்து வீட்டில் கசிவு வேட்டை. எண்ணெய்க் குழாயை மாற்றினார், எஞ்சினைப் பற்றவைக்கும் க்ளோ பிளக்கை மாற்றினார், எஞ்சினின் பின்மூடிக்குப் புது கேஸ்கட் வெட்டினார். டேங்க்கைக் கழற்றி, வாளித் தண்ணீரில் அமுக்கி, குழாயை வாயில் வைத்து ஊதினார். ஒரு குமிழிகூட வரவில்லை. பற்றவைத்த இடம் சூட்டில்தான் திறக்குமோ என்று வெந்நீரில் போட்டு ஊதினார். குளியலறையில் மண்டியிட்டு, கன்னம் உப்ப, கண் பிதுங்க ஊதிக்கொண்டிருப்பவரை வாசலில் நின்று பார்த்தேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது, மென்று விழுங்கிவிட்டேன். ஊசியின் நுனியில் தூசி இருக்கிறதா என்று பார்க்கக் கடையிலிருந்து பூதக்கண்ணாடி வேண்டும் என்றார். அதையும் நான்தான் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் பார்க்கும்போது விளக்கை வேறு பிடித்துக்கொண்டேன்.

கசிவு கிடைக்காததால் அவர் வேறு வழிக்குப் போனார். எப்படியும் லீனாகப் போகிறது, முன்கூட்டியே ரிச்சாக வைத்துவிடலாம் என்று நாற்பத்தெட்டில் வைத்தார். எனக்குக் கம்பி மறுபடி மென்மையாகிவிடுமே. நான் நான்கைக் கழித்தேன். அவர் ஐம்பதில் வைத்தார். நான் ஆறைக் கழித்தேன். கசிவு வளர்கிறது என்று அவர் முடிவுகட்டினார். இதை நான் இப்போது வரிசையாகச் சொல்லும்போது எவ்வளவு பைத்தியக்காரத்தனம் என்று தெரிகிறது. அப்போது ஒவ்வொரு வாரமும் அந்த வாரத்துக்கு மட்டும் ஒரு சின்ன திருத்தம் என்றுதான் எனக்குப் பட்டது.

அவர் பயம் எனக்குப் பழகிய பயம்தான். கதவைப் பார்ப்பார், அடுப்பைப் பார்ப்பார், கம்பியைப் பார்ப்பார், பார்த்ததும் ஆறிவிடும். இந்தப் பயம் ஆறவில்லை. நான் தலைக்கு மேல் எட்டு போடும் அந்தப் பத்து விநாடியும் மூச்சே விட மாட்டாராம், பேக்கரிக்காரர் சொன்னார். காலைச் சாப்பாடு பாதியில் நின்றது. வேலையிலிருந்து தாமதமாக வர ஆரம்பித்தார். ஒரு லிஃப்ட்டின் மோட்டாரை இரண்டு நிமிஷம் கேட்பவர் இப்போது அரை மணி நேரம் கேட்கிறார் என்று பிறகு தெரிந்தது.

அடுத்த போட்டிக்கு மூன்று நாள் முன்பு, வியாழக்கிழமை, அவருடைய வேலைச் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று காது பரிசோதனை அறிக்கை. எனக்குத் தெரியாமல் போய்ப் பார்த்திருக்கிறார். இரண்டு காதும் நன்றாக இருப்பதாக எழுதியிருந்தது. இன்னொன்று மேலதிகாரிக்குக் கடிதம், தேதி வருகிற திங்கட்கிழமை. முப்பத்தெட்டு லிஃப்ட்டுகளையும் சத்தம் கேட்டுத்தான் சோதிக்கிறேன், சில மாதங்களாக என் காதை என்னால் நம்ப முடியவில்லை, இல்லாத கோளாறு கேட்கிறது, இருக்கிற கோளாறு கேட்காமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது, இனி என்னைத் தனியாகச் சோதனைக்கு அனுப்ப வேண்டாம் என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார். இருபத்திரண்டு வருஷ வேலை.

துணி துவைக்கும் இடத்திலேயே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டேன். அந்த மனிதருக்கு உலகத்தில் பயமில்லாத இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அவருடைய காது. அதில் நான் கை வைத்துவிட்டேன்.

சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். அவர் வந்து செருப்பைக் கழற்றும்போது சொல்லலாம் என்று இருந்தேன், சாப்பிடும்போது சொல்லலாம் என்று இருந்தேன். ஒவ்வொரு முறையும் தள்ளிப்போட்டேன். இத்தனை மாதம் என்னை வேடிக்கை பார்த்தாயா என்று அவர் கேட்டால் என்ன சொல்வேன்? நான் தைரியசாலி என்று பெயர் எடுத்தவள். மூன்று நாளும் ஒரு வாக்கியத்துக்குப் பயந்து செத்தேன்.

கடைசியில் எனக்கு ஒரு வழி தோன்றியது, கோழையின் வழி. இந்த முறை ஊசியைத் தொடவே கூடாது. அவர் வைத்தது வைத்தபடி பறக்கட்டும். ஆகாயத்தில் லீனாகவில்லை என்பதை அவர் காதாலேயே கேட்பார். கசிவு சரியாகிவிட்டது, காது சரியாக இருக்கிறது என்று நிம்மதி வரும். கடிதத்தைக் கிழித்துப் போடுவார். யாரும் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம். இது நல்ல யோசனை என்று நினைத்தவளைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காற்று இருந்தது. போட்டியிலிருந்து விலகிவிடலாமா என்று வண்டியில் இரண்டு முறை கேட்டார். வேண்டாம், எல்லாம் நன்றாகப் பறக்கும் என்று நான் அடித்துச் சொன்னேன். மைதானத்தில் எஞ்சினை ஓட்டிப் பார்த்து ஊசியை வைத்தார். நிறுத்தினார். டேங்க்கை நிரப்பினார். ஐம்பதில் வைத்திருப்பதாகவும், ரிச்சாக இருந்தால் எப்படியும் நடுவில் நிற்காது என்றும், மேலே போனதும் தானாக இளைத்து லீனாகிவிடும் என்றும் சொல்லிவிட்டுக் கம்பி பார்க்கப் போனார்.

பழக்கத்தில் என் விரல் ஊசிவரை போய்விட்டது. எடுத்துக்கொண்டேன். அவர் சொன்ன கணக்கு என் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. அந்த ஐம்பதில் நான் கழிக்கப் போகிற ஆறும் சேர்ந்திருக்கிறது என்று எனக்கு உறைக்கவே இல்லை. தொடாமல் இருக்கிறோமே என்ற பெருமையில் நின்றுகொண்டிருந்தேன்.

நான் நடுவட்டத்துக்குப் போய்க் கைப்பிடியின் பட்டையை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டேன். அவர் விசிறியைச் சுழற்றினார், எஞ்சின் பிடித்தது. இருபது மீட்டர் தள்ளி விமானத்தைப் பிடித்தபடி மண்டியிட்டு, தலையைச் சாய்த்துக் கேட்டார். அவர் புருவம் சுருங்கியது எனக்குத் தெரிந்தது. நான் கையைக் காட்டினேன். விட்டார்.

முதல் இரண்டு சுற்றிலேயே தெரிந்துவிட்டது. சத்தம் கரகரப்பு இல்லை, கொழகொழவென்று இருந்தது. மூக்கைத் தூக்கினால் தெளியவில்லை. வட்டங்களைத் தட்டுத்தடுமாறிப் போட்டேன். சதுரத்தின் மேல் மூலையில் கைப்பிடி இலேசாகிப் பிறகு மறுபடி இழுத்தது. அப்போதுதான் எனக்கு ஐம்பதும் ஆறும் உறைத்தன. பதினான்கு வருஷத்தில் நடுவட்டத்தில் நின்று பயந்தது அன்றுதான். பயம் என்றால் கால் தரையில் ஒட்டாது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும், எனக்குத் தெரியாது.

நிறுத்தியிருக்கலாம். மீதி எண்ணெய் தீரும்வரை மட்டமாகச் சுற்றிவிட்டு இறக்கியிருக்கலாம், யாரும் தப்பாக நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் பாதியில் இறக்கினால் எஞ்சினில் கோளாறு என்று அவர் முடிவு செய்வார், மறுநாள் அந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுவார். எப்படியாவது முழுசாக முடித்துவிட்டால் போதும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு தலைக்கு மேல் எட்டுக்கு ஏற்றினேன்.

முதல் பாதி முடிந்தது. இரண்டாவது பாதியில், உச்சிக்கு நேர் மேலே, காற்று எதிரே வந்து அடித்தது. எஞ்சின் நிற்கவில்லை. சோர்ந்தது, அவ்வளவுதான். கையில் ஒன்றுமே இல்லாமல் போயிற்று. கைப்பிடியைச் சாய்த்தேன், மேலே எதுவும் நடக்கவில்லை. இரண்டு கம்பியும் வளைந்து வெயிலில் மின்னிக்கொண்டு என்மேல் இறங்கின. அண்ணாந்து பார்த்தால் விமானத்தின் மூக்கு மட்டும்தான் தெரிந்தது, அது வட்டமாகப் பெரிதாகிக்கொண்டே வந்தது. அவர் எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்தபடி பின்னால் ஓடினேன். நாலு அடி ஓடியிருப்பேன், புல்லில் கால் மடங்கி மல்லாந்து விழுந்தேன். இறக்கை தோளில் அடித்தது. எஞ்சின் என் காதுக்குப் பக்கத்தில் மண்ணுக்குள் போய் நின்றது.

கொஞ்ச நேரம் விளக்கெண்ணெய் வாடையும் ஆகாயமும் மட்டும்தான். பிறகு யாரோ ஓடிவரும் சத்தம். அவர்தான். கம்பிகளை மிதித்துக்கொண்டே வந்தார். என் தலையைத் தொட்டார், கழுத்தைத் தொட்டார், தோளைத் தூக்கிப் பார்த்தார், விரல்களை ஒவ்வொன்றாக மடக்கச் சொன்னார். மடக்கினேன். ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகுதான் அவர் அழ ஆரம்பித்தார். சத்தமில்லாமல், வாயைத் திறந்துகொண்டு அழுதார்.

"நான்தான்," என்றார். "நாலு கூட வச்சேன். தானா எளச்சிடும்னு நெனச்சு வச்சேன். இன்னைக்கு எளைக்கல. கீழ கேக்கும்போதே ரொம்ப ரிச்சா இருக்குன்னு காது சொல்லிச்சு. நான் நம்பல. விட்டுட்டேன்."

நான் எழுந்து உட்கார்ந்தேன். அவர் விமானத்தின் பக்கம் திரும்பி, மண்ணை விரலால் தோண்டி எஞ்சினை வெளியே எடுத்தார். இறக்கை இரண்டாகிவிட்டிருந்தது. ஊசிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைப் பிடித்து மூடத் தொடங்கினார். க்ளிக், க்ளிக் என்று ஒவ்வொன்றாக, உதடு அசைய எண்ணினார். முப்பது தாண்டியது. நாற்பது தாண்டியது. பேக்கரிக்காரர் முதலுதவிப் பெட்டியோடு ஓடிவருவது தூரத்தில் தெரிந்தது. அவர் வருவதற்குள் சொல்லாவிட்டால் என்றைக்குமே சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரிந்தது.

ஐம்பதில் நின்றது. "வச்ச எடத்துலதான் இருக்கு," என்றார். "எப்பவும் வச்ச எடத்துலதான் இருக்கு. அப்புறம் எனக்கு என்னதான் கேட்டுது?"

"இன்னைக்கு மட்டும்தாங்க வச்ச எடத்துல இருக்கு," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். புரியவில்லை. பிறகு பார்வை என் கைக்குப் போயிற்று.

"எத்தனை?" என்று கேட்டார்.

"மொதல்ல ரெண்டு. போன வாரம் ஆறு. எறங்கினதும் தொடைக்கும்போது திருப்பி வச்சிடுவேன்."

"எப்போ தொடுவ?"

பொய் சொல்லலாம் என்று அந்த நேரத்திலும் ஒரு நினைப்பு ஓடியது. "நீங்க கம்பி பாக்கப் போவீங்களே, அப்போ."

அவர் புல்லில் சுருண்டு கிடந்த கம்பிகளைப் பார்த்தார். பேக்கரிக்காரர் வந்து என் தோளில் பஞ்சை வைத்து அழுத்தி, என் கணவரிடம் என்ன ஆச்சு, எஞ்சின் நின்றுவிட்டதா என்று மூச்சு வாங்கக் கேட்டார்.

"நிக்கல. ரிச்சா இருந்துச்சு," என்றார் என் கணவர். "எனக்குச் சரியாத்தான் கேட்டுது."

அழுகை நின்றிருந்தது. முகத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பதினான்கு வருஷமாக அவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கண்ணில் ஒரு பயம் இருக்கும், எனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று. நான் அதைக் கேலி செய்வேன். இப்போது அந்தக் கண்ணில் அது இல்லை. தேடித்தேடிப் பார்த்தேன், இல்லை. எனக்குப் பயமாக இருந்தது, அவர் கையைப் பிடிக்கக்கூடப் பயமாக இருந்தது.